ஒரு நாள் விளக்கடியில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆமை மந்தமான பிராணி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்லின் மேல் வெயில் காயும் சிவப்புக்காது ஆமையைப் பிடிக்கப் போய்ப் பாருங்கள். நீங்கள் குனிவதற்குள் அது தண்ணீருக்குள் இருக்கும். பிடித்தால் கடிக்கும், கடித்தால் லேசில் விடாது. இருபத்திரண்டு வருஷமாக இதுகளோடு குப்பை கொட்டுகிறேன். என் ஆள்காட்டி விரலில் பாதி நகம் கிடையாது.

என் பெயர் சுகிர்தா. விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கினவள், ஊசி போடும் டாக்டர் இல்லை. ஆனால் ஊரையே ரெண்டாக்கிய அந்த ஊசி என் ஆராய்ச்சியிலிருந்துதான் வந்தது. ஆமை ஊசி என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். விசாரணைக் குழுவுக்கு நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் என்னிடம் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, பதினான்காம் நம்பர் ஆமை கழுத்தை நீட்டியது.

அது செத்துப்போனதாக முந்தின நாளே நோட்டில் குறித்து வைத்திருந்தேன். காற்றை எடுத்துவிட்ட குளிர்ந்த தண்ணீரில் பத்து நாள் கிடந்துவிட்டு வெளியே வந்த ஆமை. கால் நாலும் தொங்கிவிட்டன. கண்ணைத் தொட்டால் மூடவில்லை, வாலைக் கிள்ளினால் இழுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நான் அதைக் குப்பையில் போடவில்லை. எங்கள் ஆய்வகச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு விதி ஒட்டியிருக்கிறது: 'எந்த ஆமையையும் ஒரு நாள் முழுக்க விளக்கடியில் வைத்துப் பார்க்காமல் தூக்கி எறியக்கூடாது.' விளக்கு என்றால் வெயிலுக்குப் பதிலாக நாங்கள் போடும் சூட்டு விளக்கு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் நான் செத்துவிட்டதென்று தூக்கிப் போட்ட ஆமை ஒன்று, குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டு வராந்தாவில் நடந்து வந்தது. அன்றைக்கு எழுதி ஒட்டினேன்.

"வந்துட்டியாடி கழுதை" என்று அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிரசன்னா.

பிரசன்னா, சாக்கடை சுத்தம் செய்யும் ஆழ்தெளி நிறுவனத்தின் களப்பணி மேலாளர். எனக்குச் சம்பளம் தருவதும் அந்த நிறுவனம்தான். சட்டையில் ஒரு மடிப்பு கலையாது. பாதாளச் சாக்கடையைப் பத்தடி தள்ளி நின்று மட்டுமே பார்த்திருக்கிறான்.

"மேடம், சின்ன வேலை. க்ளோஷர் ஃபார்ம் ஒண்ணு அனுப்பியிருக்கேன். ஒரு சைன் போட்டு விட்டுடுங்க."

ஊசி போட்டுக்கொண்ட ஆள் இறந்துபோனால், 'இவர் இனி ஆய்வில் இல்லை' என்று நான் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குத்தான் அந்தப் படிவம். மார்ச்சில் ஒன்று போட்டிருந்தேன்.

"யாரு?" என்றேன்.

"தேசப்பன்."

ஆமையை விளக்கடியிலிருந்து கையில் எடுத்துக்கொண்டேன்.

ஊசியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. குளிர்நாட்டில் குளம் உறைந்தால் இந்த ஆமைகள் அடியில் போய்ச் சேற்றோடு சேறாகப் படுத்துவிடும். வாரக்கணக்கில் மூச்சில்லை. இதயம் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை துடிக்கும், உடம்பு மொத்தமும் கடையை இழுத்து மூடினாற்போல் அடங்கிவிடும். வெயில் வந்ததும் மேலே ஏறி, கல்லில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு காயும், பிழைத்துவிடும். அந்த அடங்கும் வித்தையை மனித உடம்புக்குள் கொண்டுபோக ஒரு வழி நான் கண்டுபிடித்தேன். ஊசி போட்டவர் காற்று இல்லாவிட்டாலும் நாற்பது நிமிஷம் தாங்குவார். பக்கவாதம் வந்தவர்களுக்கும் பிறக்கும்போது மூச்சடைத்த குழந்தைகளுக்கும் என்று நினைத்துத்தான் செய்தேன். வாங்கினது ஆழ்தெளி. சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஏனென்றால் விஷவாயுவில் ஆட்கள் சாகிறார்கள். இவர்கள் என்ன செய்தார்கள்? சாகாத ஆளை இறக்கினால் சட்டத்துக்கு என்ன கோபம் என்று வாதாடி, பரிசோதனை என்று பெயர் வைத்து அனுமதி வாங்கிவிட்டார்கள். மெஷின் வாங்கலாமே என்று நான் கேட்டதற்கு, "மெஷின் சந்துக்குள்ள போகாது மேடம், ஆள் போவான்" என்றான் பிரசன்னா. நான் அப்போதே செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. மாதாமாதம் குழிக்குள் இறங்குகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து ஏட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்.

பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் தேசப்பன் ஆமைகளுக்குக் கீரை கொண்டுவருவார். முப்பத்தெட்டு வயசு. போன மாதம் வந்தபோது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ஒரு கடைவாய்ப் பல் இருந்தது.

"மேடம், இது நாலாவது. சும்மா சோறு துன்னுகினு இருந்தேன், வந்துடிச்சி. ஏன் மேடம்?"

"காத்து இல்லாம உடம்பு ஓடினா உள்ள புளிப்பு சேரும், தேசப்பன். பால் புளிக்கிற மாதிரி. ஆமைக்கும் சேரும். ஆனா அது தன் ஓட்டுல இருக்கிற சுண்ணாம்பைக் கரைச்சு அந்தப் புளிப்பை முறிச்சிடும்."

"எனக்குத்தான் ஓடு இல்லியே."

"அதனால எலும்புல இருந்தும் பல்லுல இருந்தும் எடுக்குது."

அவர் தொட்டியைக் கை காட்டினார். "பார்றா, இதுக்கு வூடு மாதிரி குடுத்துருக்கான். நமக்கு ஒண்ணியும் குடுக்கல" என்று சிரித்தார். நான் சுண்ணாம்புச்சத்து மாத்திரையை இரட்டிப்பாக்கி எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"எப்போ?" என்று போனில் கேட்டேன்.

"நேத்து மத்தியானம். உள்ள சரிஞ்சு கயிறு மாட்டிக்கிச்சு. எழுபது நிமிஷம் ஆயிடுச்சு மேடம் எடுக்க. நம்ம லிமிட் நாப்பதுதானே. நம்ம டாக்டர் வந்து பாத்துட்டு மாரடைப்புன்னு குடுத்துட்டார்."

"குழிக்குள்ள மாட்டினவனுக்கு மாரடைப்பா?"

"குழின்னு எழுதினா போலீஸ், போஸ்ட்மார்ட்டம்னு போகும். அந்தக் குடும்பத்துக்குத்தானே அலைச்சல்?"

என்ன கரிசனம் பாருங்கள்! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தத் திருட்டுத்தனத்தால்தான் தேசப்பன் உடம்பில் கத்தி படவில்லை.

"இப்போ எங்க இருக்கார்?"

"வீட்லதான். நேத்து நாலு மணிக்கே பெட்டியில வச்சாச்சு. இன்னிக்கு மூணு மணிக்கு எடுக்கறாங்க."

"எந்தப் பெட்டி?"

"ஐஸ் பெட்டி மேடம். சாவு வீட்ல வைப்பாங்களே, கண்ணாடி மூடி போட்டு."

என் இன்னொரு கையில் பதினான்காம் நம்பர் நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீரில் பத்து நாள் கிடந்த ஆமை. நாற்பது நிமிஷக் கணக்கு நான் போட்டது, சென்னைச் சாக்கடையின் சூட்டுக்குப் போட்டது. குளிரில் வைத்தால் எத்தனை நேரம் என்று எந்த மனிதனிடமும் யாரும் பார்த்ததில்லை. இவர்கள் நேற்று நாலு மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தெரியாமலேயே.

"மூணு மணிக்கு எடுக்கக்கூடாது. நான் வர்றேன்" என்றேன்.

"மேடம், ப்ளீஸ், நீங்க வராதீங்க. மார்ச்ல ஏகாம்பரம் போனதுல இருந்தே உங்க மேல அங்க செம காண்டுல இருக்காங்க."

போனை வைத்துவிட்டு, ஆமைக்கு இதயம் பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். முனையைத் தோலில் வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் காதில் மாட்டும் குழாய்க்கு வரும். ஆட்டோவில் ஏறியதும் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். "பேஷண்ட் என்ன கண்டிஷன்ல இருக்காரு?" என்று அந்தப் பெண் கேட்டாள். சாவு வீட்டுப் பெட்டியில் இருக்கிறார் என்று சொன்னால் வைத்துவிடுவாள். மூச்சுத்திணறல் என்று சொன்னேன்.

பட்டாளம் பகுதிக்கு உள்ளே, தேசப்பன் குடியிருப்புத் தெருமுனையிலேயே பிரசன்னா வழிமறித்தான். மணி ஒன்றரை.

"மேடம், யோசிச்சுப் பாருங்க. டாக்டர் சர்டிஃபிகேட் குடுத்த பாடி அது."

"உங்க டாக்டர் எவ்வளவு நேரம் பாத்தார்?"

"என்ன, எல்லாரும் பாக்கற மாதிரிதான். நாடி பாத்தார், கண்ணுல லைட் அடிச்சார்."

"நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை துடிக்கிற இதயம்னா, ஒரு நிமிஷம் நாடி பாத்தா கிடைக்குமா?"

அவன் முகம் வெளுத்தது. அப்புறம் மெதுவாக, "அப்படி இருந்தா… இருந்தாலும், மேடம், நீங்க போய் தொட்டு, ஒண்ணும் இல்லைன்னு ஆச்சுன்னா, அந்தப் பொம்பளை நிலைமை? ஒரு தடவை சாகறதே போதாதா?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல். அவனைத் தள்ளிவிட்டு நடந்தேன்.

சாமியானாவுக்குக் கீழே மேளம் காது கிழிய அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைச் சுற்றிப் பெண்கள். தலைமாட்டில் லோகேஸ்வரி, தேசப்பனின் மனைவி, குரல் போய் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் மாலைக் கூடை கவிழ்ந்தது.

"நீயா? இங்க இன்னாத்துக்கு வந்த? போன தபா என் தம்பி ஏகாவ தூக்கிக் குடுத்தேன், இப்ப இவன். இன்னும் யாரு பாக்கின்னு எண்ணிப் பாக்க வந்தியா?"

"லோகேஸ்வரி, ஒரு பத்து நிமிஷம்…"

"ஊசி போடாத, ஊசி போடாதன்னு தலப்பாடா அடிச்சிகினேன். மேடம் நல்லவங்க, ஆமைக்கே அப்டி பாக்குறாங்க, நம்மள உட்டுடுவாங்களான்னான். ஆமைய பாத்துக்கோ போ! போய் அதுங்களையே கட்டிகினு அழு!"

தேசப்பனின் அண்ணன் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேளச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"அவர் கை கால் விறைச்சுதா? அதை மட்டும் சொல்லுங்க! விறைச்சுதா?"

ஒரு வயசான அம்மாள்தான் பதில் சொன்னாள். "இல்லம்மா. கால் விரலைக் கட்டும்போது பஞ்சு மாதிரி இருந்துச்சு. நல்ல சாவு."

"ஏகாவுக்கும் அப்டித்தான், விறைக்கவேல்ல" என்றாள் லோகேஸ்வரி, யாரிடமோ சொல்வதுபோல. "ரெண்டு பேரும் பாவம் பண்ணாதவனுங்க."

எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

"பெட்டி யாரோடது?" என்று கேட்டேன்.

பெட்டிக்காரர் ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எம்மேல தப்பில்ல மேடம். இங்க கரண்ட்டு ரொம்ப லோ. நேத்துலேர்ந்து பெட்டி சரியா கூலாவல, மூணு நாலு டிகிரிக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குது. வேற பெட்டி கேட்டிருக்கேன்."

மூன்று நாலு டிகிரி! உறைந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பனிக்கட்டிக்குக் கீழே ஆமை படுத்திருக்கும் தண்ணீர் சரியாக அந்தக் குளிர்தான். அந்த மனுஷரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"லோகேஸ்வரி, இங்க பாருங்க. நான் சொன்னா நம்ப வேண்டாம். இந்தக் குழாயை உங்க காதுல மாட்டுங்க. நான் கேக்கவே மாட்டேன். நீங்களே கேட்டுச் சொல்லுங்க. ஒண்ணும் கேக்கலைன்னா என்னைச் செருப்பால அடிச்சுத் துரத்துங்க."

"அடிப்பேன்" என்றாள்.

"அடிங்க."

பெட்டிக் கண்ணாடியைத் திறந்தார்கள். "மேளத்த நிறுத்துங்கடா" என்று அண்ணன் சத்தம் போட்டார். மேளம் நின்றதும் தெருவில் ஆட்டோ போவதுகூடக் கேட்டது. தேசப்பன் நெற்றியில் ஒட்டியிருந்த காசுக்குக் கீழே முகம் சாம்பலாக இருந்தது. தாடைக்கட்டை அவிழ்த்துவிட்டுக் கழுத்து ஓரமாகக் கருவியை வைத்தேன். லோகேஸ்வரி குழாயை மாட்டிக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு நிமிஷம்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

"இருங்க."

இரண்டு நிமிஷம். பின்னால் யாரோ, "பைத்தியம் புடிச்சவ, பொணத்த வச்சி வெளாடுறா" என்றார்கள். பிரசன்னா கூட்டத்துக்கு வெளியே யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று நிமிஷம். கை அசைந்தால் கருவியில் வீண் சத்தம் வரும். முழங்கையைப் பெட்டி விளிம்பில் ஊன்றிக்கொண்டேன். லோகேஸ்வரியின் கண்ணில் தண்ணீர் திரண்டது. அது துக்கமில்லை, என் மேல் இருந்த வெறுப்பு. மூன்றரை. அண்ணன், "போதும், எந்திரி" என்று குனிந்தார்.

நாலு நிமிஷம் பத்து விநாடியில் லோகேஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

"இன்னா அது?" என்றாள். "இப்ப ஒரு சத்தம் வந்துச்சே. புஸ்ஸுன்னு. இன்னா அது?"

"அது அவர்தான்" என்றேன்.

"பொய் சொல்லாத."

"அடுத்ததும் வரும். பேசாம கேளுங்க."

அந்த இரண்டாவது நாலு நிமிஷத்தில் அந்தத் தெருவில் ஒருத்தர்கூட இருமவில்லை. அது வந்தபோது லோகேஸ்வரி கத்தவில்லை. அப்படியே பெட்டிக்குள் குனிந்து, "கேக்குதுய்யா, கேக்குது, எங்கியும் போவாத" என்றாள். அப்புறம்தான் கூட்டம் மொத்தமும் கத்தியது.

அதற்குமேல் நான் யாரையும் விடவில்லை, எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். ஒருத்தி அண்டா நிறைய வெந்நீர் கொண்டுவந்தாள். அதைக் காலால் தள்ளிவிட்டேன். "சூடு பட்டா செத்துடுவாரு! உடம்புக்குள்ள இருக்கிற புளிப்பெல்லாம் ஒரே நேரத்துல இதயத்துக்குப் போயிடும். மெதுவா! வெயில்ல மட்டும் வைங்க. தேய்க்காதீங்க, குலுக்காதீங்க, நெஞ்சை அமுக்காதீங்க. எலும்பு அப்பளமா உடையும்!"

பாடைக்கென்று கட்டி வைத்திருந்த மூங்கிலிலேயே அவரைத் தூக்கி, இரண்டு கட்டடத்துக்கு நடுவே இரண்டு மணி வெயில் விழும் இடத்தில் கிடத்தினோம். மாலையை எடுத்தோம், கால் விரல் கட்டை அவிழ்த்தோம், நெற்றிக் காசை லோகேஸ்வரி பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். கருவியை அவள் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மூணு நிமிஷம். ரெண்டரை. ரெண்டு. ஒண்ணு. வெயில் காயும் கல்லில் என் ஆமைகளுக்கு இதே வரிசையில்தான் ஏறும்.

இரண்டே முக்காலுக்கு, எடுக்க வேண்டிய நேரத்துக்குக் கால் மணி முன்னால், அவர் முதல் மூச்சு இழுத்தார். நீளமான மூச்சு, கேட்கவே பயமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. கண்ணைத் திறந்தார், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது. லோகேஸ்வரி காதைக் கொண்டுபோனாள்.

"கயித்த இழுங்கடா" என்றார் தேசப்பன். "டேய், கயித்த இழுங்கடா."

அவர் இன்னும் குழிக்குள்தான் இருந்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு, "இழுத்துட்டோம்டா, மேல வந்துட்டடா" என்று அழுதார். நானும் அழுதேன். சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

அப்போது பிரசன்னா என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கண்ணிலும் ஈரம் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் அவன் புத்தி வெளியே வந்தது.

"மேடம், இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா? அப்போ நாப்பது நிமிஷம் லிமிட்டே இல்ல. வண்டிக்கு ஒரு ஐஸ் பெட்டி வச்சுட்டா போதும். உள்ள மாட்டினாலும் எடுத்து பெட்டியில போட்டு, வெயில்ல வச்சு… நாம ரெண்டு மணி நேர வேலைக்கே இறக்கலாம். நீங்க ஒரு ரிப்போர்ட் மட்டும்…"

"பிரசன்னா, இன்னொரு வார்த்தை பேசின, செருப்பு பிஞ்சிடும்" என்றேன். உண்மையிலேயே குனிந்துவிட்டேன். அவன் இரண்டடி நகர்ந்துபோய் மறுபடி போனை எடுத்தான்.

சந்தில் நுழைய வழி தேடிச் சுற்றிவிட்டு ஆம்புலன்ஸ் ஒருவழியாக வந்தது. அதில் வந்த பையன் மாலையையும் சாமியானாவையும் பார்த்து, "பேஷண்ட் எங்க?" என்று கேட்டான். காட்டினோம். மேளக்காரர்களே நாலு பேர் சேர்ந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கி ஏற்றினார்கள். ஏசியை நிறுத்தாதே, போர்வையைச் சுற்றாதே, மெதுவாக ஓட்டு என்று அவனை நான் விரட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ இருப்பதுபோல் பேசிக்கொண்டே இருந்தேன். பேச்சை நிறுத்தினால் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

லோகேஸ்வரி ஒரு காலை வண்டிக்குள் வைத்தாள். அப்புறம் நின்றாள். காதில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி, சுருட்டி, என் கையில் வைத்தாள். அதுவரை நீ, வா, போ என்று பேசியவள், இறங்கின குரலில் கேட்டாள்.

"மேடம், ஏகாவுக்கு எத்தினி நிமிஷம் கை வச்சிப் பாத்தீங்க?"

ஏகாம்பரம், அவள் தம்பி. இருபத்து நாலு வயசு. மார்ச்சில் அதே சந்தில், ஐம்பது நிமிஷம் கழித்து வெளியே எடுத்தார்கள். நான் அங்கேதான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்றம் தாங்கவில்லை, வெயில் தாங்கவில்லை, ஜனங்கள் கத்தினார்கள், எனக்கு அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது. கழுத்தில் இரண்டு விரலை வைத்துவிட்டு, "போயிட்டான்" என்றேன். நான் சொன்னதை வைத்துத்தான் டாக்டரும் எழுதினார். சாயங்காலம் இதே பெட்டிக்காரர் இதே பெட்டியைக் கொண்டுவந்தாராம். இதே கரண்ட்டு. மறுநாள் மத்தியானம் தகன மேடைக்குக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்திலும் ஆய்வகச் சுவரில் என் கையெழுத்து ஒட்டித்தான் இருந்தது, எந்த ஆமையையும் ஒரு நாள் விளக்கடியில் வைக்காமல் எறியக்கூடாது என்று.

நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷம் என்று சொல்லியிருந்தாலும் அவளால் சரிபார்க்க முடியாது. விசாரணைக் குழு கேட்கவே இல்லை.

"அரை நிமிஷம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இன்னொரு காலையும் உள்ளே எடுத்துக்கொண்டு, வண்டிக் கதவை அவளே இழுத்து மூடினாள்.